மறுபரப்பு நிலையமும் மாதிரி விமானமும்

நிலத்திற்கு வரப்பு உண்டு. ஏரி நீருக்கு முறை உண்டு. ஆயின், கண்ணுக்குப் புலனாகாமல் வானவெளியெங்கும் பரந்து செல்லும் ரேடியோ அலைகளுக்கு வரப்பும் முறையும் எவ்வாறு ஏற்படும்? இது வெறும் ஏட்டு வினாவன்று. உயர்ந்த கம்பத்தில் நிறுவப்பட்ட ரேடியோ நிலையம் ஒன்றும், மாணவன் ஒருவன் கையிலிருந்து ஏவும் மாதிரி விமானம் ஒன்றும், ஒன்றையொன்று அறியாமலே வானலையில் மோதிக்கொள்ளுதல் கூடும். அம்மோதல் எவ்வாறு நிகழ்கின்றது, அதனைத் தவிர்க்கும் வழி யாது என்பனவற்றைப் பௌதிக சாஸ்திரம் பயிலாதாரும் அறியுமாறு எடுத்துரைத்தலே இவ்வியாசத்தின் நோக்கமாகும். விளக்கத்திற்கு நாம் எடுத்துக்கொள்ளும் இடம் காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்த உத்தரமேரூர். சமவெளியும் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த அவ்வூர்ப்புறம் விமானம் விடுதற்கு ஏற்றது. அன்றியும், பொதுப்பொருளை ஆளும் முறையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதிவைத்த ஊரும் அதுவே.

1. இருதிறத்தாரும் ஒரு குடியினரே

அமெச்சூர் ரேடியோக்காரர் என்போர், ஊதியம் கருதாது, அரசாங்கத் தேர்வில் தேறி உரிமைச் சீட்டுப் பெற்று, ரேடியோ வழியாகப் பிறரோடு உரையாடியும் சோதனைகள் நிகழ்த்தியும் வருபவர். அவர்களை ‘ஹாம்’ என்று வழங்குதல் உலக வழக்கு. நம் பக்கத்தார்க்கு இவ்வார்வம் புதிதன்று. 1924ஆம் ஆண்டில் ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ சங்கம் தோன்றி, அவ்வாண்டிலேயே ஒலிபரப்பும் தொடங்கிற்று. பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் அது ஓய்ந்தபோது, அதன் கருவி சென்னை நகரசபையாரிடம் சேர்ந்தது. நகரசபையார் 1930இல் ஒலிபரப்பை மேற்கொண்டனர். 1938இல் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் எழுந்தது. ஆர்வலர் சிலர் இட்ட வித்தே பின்னர் ஊருக்கெல்லாம் நிழல் தந்தது என்பதை இதனால் அறியலாம்.

இனி, மாதிரி விமானத்தின் வரலாற்றைக் காண்போம். கம்பித் தொடர்பின்றி ஒரு பொருளைத் தூரத்திலிருந்து இயக்கலாம் என்பதை 1898இல் நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர் நியூயார்க் நகரில் ஒரு சிறு படகைக்கொண்டு காட்டினார். ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானத்தை 1937இல் அமெரிக்காவில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் சகோதரர் இருவர் பறக்கவிட்டனர். அவருள் ரேடியோக் கருவியை அமைத்த வில்லியம் ஓர் அமெச்சூர் ரேடியோக்காரர். அக்காலத்தில் அவ்வுரிமைச் சீட்டு இல்லாதவர் அந்நாட்டில் மாதிரி விமானத்தை ரேடியோவால் இயக்குதற்கு வழியில்லை. ஆகவே, நாம் இங்குக் கூறப்புகும் வழக்கு அயலார் இருவர்க்கு இடைப்பட்டதன்று. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்ட பின்னர் எழுந்த வரப்புத் தகராறே என்க.

அவ்வழக்கு முதலில் முற்றியதும் அமெரிக்காவிலேயே. அங்கு 50 முதல் 54 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி அமெச்சூர்களுக்கு உரியது. அவர்களுள் மாதிரி விமானம் விடுவோர் 53 மெகாஹெர்ட்ஸை அடுத்த சில எண்களைக் கையாண்டுவந்தனர். பின்னர் மறுபரப்பு நிலையங்களும் அதே பகுதியில் பெருகவே இடர்ப்பாடு நேர்ந்தது. இறுதியில் 50.80 முதல் 50.98 வரை பத்து வாய்க்கால்கள், ஒவ்வொன்றும் 0.02 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியுடன், விமானங்களுக்கென ஒதுக்கப்பட்டன. வழக்கைத் தீர்த்தது வலிமையன்று, வரப்பே.

2. மறுபரப்பு நிலையம் தொழிற்படுமாறு

ரிப்பீட்டர் எனப்படும் மறுபரப்பு நிலையம், மலையுச்சியிலோ உயர்ந்த கட்டடத்திலோ ஆளின்றி நிற்கும் ஒரு கருவி. கையிலடங்கும் சிறு ரேடியோவின் குரல் சமதரையில் சில கிலோமீட்டருக்கு மேல் செல்லாது. மரமும் மனையும் அதனைத் தடுக்கும். உயரத்திலுள்ள நிலையம் அக்குரலை ஓர் அதிர்வெண்ணில் கேட்டு, அந்நொடியே மற்றோர் அதிர்வெண்ணில் உரத்துக் கூறும். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ‘இரண்டு மீட்டர்’ பகுதியில், கேட்கும் எண்ணுக்கும் கூறும் எண்ணுக்கும் இடையே 0.6 மெகாஹெர்ட்ஸ் வேற்றுமை வைத்தல் வழக்கம். நம் நாட்டு அமெச்சூர்களுக்கு 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை மற்றொரு பகுதியும் உண்டு. 2005ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ‘ஹாம்சாட்’ என்னும் செயற்கைக்கோள், 435 மெகாஹெர்ட்ஸை அடுத்துக் கேட்டு 145.9 மெகாஹெர்ட்ஸை அடுத்துத் திருப்பிச் சொல்லும் வானத்து மறுபரப்பு நிலையமாக 2014 வரை தொண்டாற்றியது.

இந்நிலையத்தின் சிறப்பு அதன் செவிக்கூர்மை. நெடுந்தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலையும் கேட்டல் வேண்டி அமைக்கப்பட்டதாதலின், வேண்டாத குரலையும் அது எளிதிற் கேட்டுவிடும். இச்சிறப்பே அதன் குறையுமாகும்.

3. மாதிரி விமானம் கேட்குமாறு

விமானம் விடுவோன் கையிலுள்ள கருவி, இறக்கை, வால், பொறி ஆகியவற்றின் நிலையை நொடிக்கு ஏறக்குறைய 50 முறை அலையாக அனுப்புகின்றது. விமானத்தினுள் இருக்கும் சிறு ஏற்பி அவற்றைப் படித்துச் சிறு மோட்டார்களைத் திருப்புகின்றது. பேச்சில் ஒரு சொல் கெட்டால் மறுமுறை கூறச் சொல்லலாம். விமானத்திற்கோ அவ்வாறு கேட்டுத் தெளிதற்கு அவகாசமில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது, கட்டளையற்ற ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். இரண்டு கிலோகிராம் எடையுள்ள விமானம் அவ்வேகத்தில் ஒருவர்மேல் மோதுமாயின், அதன் ஆற்றல் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அஃதாவது ஓங்கி வளர்ந்த தென்னையின் தலையிலிருந்து, அதே எடையுள்ள கல் விழுவதற்கு ஒப்பாகும். விளையாட்டுப் பொருள்தானே என்று இதனை எளிதாக எண்ணுதல் கூடாது.

4. மோதல் நேரும் நான்கு வகை

முதலாவது, இருவரும் ஒரே எண்ணைப் பற்றுதல். இதற்கு விளக்கம் வேண்டா. ஒரே மடையை இருவர் தத்தம் வயலுக்குத் திருப்ப முயல்வது போன்றது இது.

இரண்டாவது, அண்டையிலுள்ள பெருங்குரலால் செவி மழுங்குதல். எண் வேறாயினும், அருகே வலிய நிலையம் முழங்கும்போது மலிவான ஏற்பி திணறிப்போம். இங்குக் குற்றம் அனுப்புவோனுடையதன்று; வேண்டாததை விலக்கும் வடிப்பான் இல்லாத ஏற்பியினுடையதே. பொதுமக்கள் பெரும்பாலும் உணராத உண்மை இதுவாகும்.

மூன்றாவது, மடங்கலைகள். எந்த அலைபரப்பியும் தன் எண்ணின் இருமடங்கு, மும்மடங்குகளிலும் சிறிது கசியவிடும். 144.7 மெகாஹெர்ட்ஸை மூன்றால் பெருக்கிப் பாருங்கள், 434.1 கிடைக்கும். இரண்டு மீட்டர் பகுதியில் பரப்பும் நிலையம் பழுதுற்றதாயின், அதன் மும்மடங்கலை 434 மெகாஹெர்ட்ஸை அடுத்துக் கேட்கும் ஏற்பியின் வாயிலிலே சென்று விழும்.

நான்காவது, கலப்பலைகள். இரண்டு வலிய அலைகள் ஓர் ஏற்பியில் ஒருங்கே புகுமாயின், ஆங்கு இல்லாத மூன்றாவது அலையொன்று பிறக்கும். ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழித்தால் அதன் எண் கிடைக்கும். 434.2, 434.6 என்னும் இரண்டைக் கொள்வோம். 434.2ஐ இரட்டிக்க 868.4, அதில் 434.6ஐக் கழிக்க 433.8. ஒருவரும் அனுப்பாத 433.8இல் ஓர் ஓசை எழுந்துவிட்டது! விமானம் வீழ்ந்தபின் யார் குற்றம் என்று தேடினால், ஒவ்வொருவரும் தாம் அந்த எண்ணைத் தொடவேயில்லை என்பர். அவர் கூறுவது மெய்யே.

5. உத்தரமேரூர் வெளியில் ஒரு கணக்கு

இனி ஒரு கணக்கிடுவோம். இது பாடத்திற்காகக் கற்பித்துக்கொண்டதேயன்றி, உள்ளதொரு நிலையத்தைக் குறிப்பதன்று. ஊருக்கு வெளியே ஒருவன் அரை வாட் சக்தியுள்ள கைக்கருவியால், 434 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேற்பட்ட எண்ணில் விமானம் விடுகின்றான் என்க. அவனுக்கு 5 கிலோமீட்டர் தொலைவில், அதனையடுத்த எண்ணில் 25 வாட் சக்தியுள்ள மறுபரப்பு நிலையம் ஒன்று உள்ளது. தடையில்லா வெளியில், அலையின் வலிமை தூரத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறையும். விமானம் அவனிடமிருந்து அரைக் கிலோமீட்டரில், நிலையத்திற்கு 5 கிலோமீட்டர் தூரம் மாறாதபடி பக்கவாட்டில் பறக்கும்போது, கைக்கருவியின் வலிமை 0.5 ÷ 0.25 = 2 பங்கு; நிலையத்தின் வலிமை 25 ÷ 25 = 1 பங்கு. இதுவரை எசமானன் குரலே மேலோங்கி நிற்கின்றது. விமானம் நிலையம் இருக்கும் திசையில் ஒரு கிலோமீட்டர் சென்றதும் கைக்கருவி 0.5 பங்கு, நிலையமோ 4 கிலோமீட்டரில் 25 ÷ 16, அஃதாவது ஏறக்குறைய 1.56 பங்கு. அயலான் குரல் எசமானன் குரலினும் மும்மடங்கு ஓங்கிவிட்டது. ஏற்பியின் வடிப்பான் நன்றாயின் விமானம் தப்பும், இன்றேல் தப்பாது.

இக்கணக்கில் கவனிக்கத்தக்க நுட்பம் மற்றொன்றுண்டு. விமானத்தைத் தரையில் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று சோதித்தல் எல்லோரும் கைக்கொள்ளும் வழக்கம். தரையில் இருக்கும்போது மரங்களும் ஏரிக்கரையும் தொலைவிலுள்ள நிலையத்தை மறைத்துவிடுகின்றன. விமானம் மேலெழுந்ததும் அம்மறைப்பு நீங்கிவிடுகின்றது. ஆகவே தரையில் தேறிய கருவி வானில் தோற்றல் கூடும். எவ்வளவு தூரம் புலப்படும் என்பதற்கு எளிய வாய்பாடு ஒன்று உண்டு: உயரத்தை மீட்டரில் கொண்டு அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 120 மீட்டர், அஃதாவது ஏறக்குறைய 400 அடி உயரத்திற்கு அது 45 கிலோமீட்டராகும். உத்தரமேரூர் வெளியில் அவ்வுயரத்தில் நிற்கும் விமானத்திற்குக் காஞ்சிபுரமும் செங்கற்பட்டும் ரேடியோ அடிவானத்திற்கு உட்பட்டனவே.

இதன் மறுதலையும் உண்மை. விமானம் படம் முதலியவற்றை அமெச்சூர் பகுதியிலேயே கீழே அனுப்புமாயின், அவ்வூர்களிலுள்ள கூர்ஞ்செவி நிலையங்கள் அனைத்தும் அதனைக் கேட்கும். தரையில் ஒரு தெருவைக் கடவாத சிறு கருவி, வானில் ஏறியதும் ஒரு ஜில்லாவுக்கே இடையூறாகின்றது.

6. எவ்வெண் எவர்க்கு உரியது

உலக நாடுகள் ரேடியோ ஒழுங்கிற்காக மூன்று மண்டலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. ஐரோப்பா முதல் மண்டலத்தது, அமெரிக்கா இரண்டாவது, இந்தியா மூன்றாவது. 433.05 முதல் 434.79 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைத் தொழில், மருத்துவம் முதலிய கருவிகளுக்குப் பொதுவாக விட்டது முதல் மண்டலத்தில்தான். அவ்விடத்திற்கென்று செய்யப்பட்ட கருவியைக் கடையில் வாங்கி இங்கு இயக்குவோன், அதன் மேற்பாதியில் நம் நாட்டு அமெச்சூர் பகுதிக்குள் தானறியாமலே புகுந்துவிடுகின்றான். அமெரிக்காவிற்கென்று செய்யப்பட்ட 915 மெகாஹெர்ட்ஸ் கருவியோ, இங்குக் கைப்பேசி அலைகள் வழங்கும் பகுதியிற் சென்று சேரும்.

ஆயின் சட்டத்திற்கு உட்பட்ட வழி இல்லையோ எனின், உண்டு. குறித்த சக்திக்கு மேற்படாத கருவிகளுக்கு 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியும், 865 முதல் 867 வரையுள்ள பகுதியும் 2005ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் உரிமைச் சீட்டின்றி வழங்குமாறு விடப்பட்டன. இக்காலத்து மாதிரி விமானக் கருவிகளுள் பெரும்பாலானவை 2400 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியையே கையாளுகின்றன. அவை ஓர் எண்ணிலேயே நில்லாமல் நொடிதோறும் பலமுறை இடம் மாறித் தாவும். ஒவ்வொரு ஏற்பியும் தன் எசமானனுடைய அடையாள எண்ணை மட்டுமே மதிக்கும். ஓரிடத்தில் இடையூறு நேரினும் அடுத்த தாவலில் அது நீங்கிவிடும். பழைய வழக்குக்களுள் பல இதனால் தீர்ந்தன. தீராது எஞ்சியிருப்பது, நெடுந்தூரம் பறக்கவிடும் ஆசையால் நீண்ட அலைகளை நாடி 433ஐயும் 434ஐயும் கையாள்வோரால் எழுவதே.

விமானத்தைப் பற்றிய விதியும் உண்டு. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி, பச்சை மண்டலமென்று அரசாங்கப் படத்தில் குறித்த இடத்தில் 400 அடி வரையில் பறக்கவிடலாம். மாதிரி விமானம் கண்பார்வைக்கு உட்பட்டே பறத்தல் வேண்டும். அதனை மீறாதவனுக்கு நெடுந்தூர அலை எதற்கு?

7. பரிகாரங்கள்

அமெச்சூர்கள் தம் நிலையத்தின் மடங்கலைகளை வடிப்பானால் அடக்கி, ஆண்டுதோறும் அளந்து பார்த்தல் வேண்டும். குறித்த தாழ்ந்த சுருதியோடு வரும் குரலுக்கு மட்டுமே நிலையம் வாய் திறக்குமாறு செய்தலும் நன்று. ஆயின் சுருதிப் பூட்டுக் கதவை அடைக்குமேயன்றிச் சந்தடியை ஒழிக்காது; உண்மைக் குரல் அச்சந்தடியில் அமிழ்ந்துதான் போகும்.

விமானம் விடுவோர் முறையான பகுதியிலுள்ள கருவியையே வாங்குதல் வேண்டும். கட்டளை அற்றுப்போயின் பொறி தானே அடங்குமாறு முன்னதாகவே அமைத்து, அதனைத் தரையில் சோதித்தறிதல் வேண்டும். ஆட்கள் நிற்கும் இடத்தையும் வீடுகளையும் விட்டு விலகிப் பறத்தல் வேண்டும். ஓர் எண்ணிலேயே நிலைத்து நிற்கும் கருவிகளே எங்கும் வழங்கிய நாளில், மைதானங்களில் ஒரு பலகை இருக்கும். துணி உலர்த்தும்போது மாட்டும் கவ்வி போன்ற ஒன்றை ஒவ்வோர் எண்ணுக்கும் வைத்திருப்பர். கவ்வி கைக்கு வந்த பிறகே கருவியைத் திறக்கலாம். ஒரே கவ்வியை இருவர் பிடித்தல் இயலாதாகையால், சண்டைக்கும் இடமில்லை. காசு பெறாத அம்மரத்துண்டு காத்த விமானங்கள் எண்ணிறந்தன.

இருசாராரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அது முதலிற் கேட்டல், பின்னரே பேசல். கருவியைத் திறக்குமுன் அவ்வெண்ணில் எவரேனும் உளரா என்று செவிகொடுத்தலும், அருகிலுள்ள அமெச்சூர்களும் விமானக்காரரும் ஒருவரையொருவர் அறிந்து தத்தம் எண்களைக் கூறிவைத்துக்கொள்ளுதலும் எவ்வகை வடிப்பானினும் சிறந்தனவாம்.

8. கல்லெழுத்துக் கூறுவது

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் உள்ளன. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்து, குடவோலையால் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை அவை விரித்துரைக்கின்றன. சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவர். தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர். ஏரி வாரியத்திற்கு அறுவர். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் சுற்றத்தாரும் தேர்தற்கு உரியரல்லர். மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவரும் அல்லர். நிலமும் மனையும் கல்வியும் உடையார்க்கே அவ்வுரிமை இருந்தது என்பதை மறத்தலும் ஆகாது. அக்குறையை நீக்கியது நம் காலத்து அரசியல். ஆயினும், பொதுவான ஏரிக்கு முன்னதாகவே வகுத்த விதியும், அவ்விதியை எல்லோரும் காணப் பொறித்தலும், பொறுப்பேற்றவர் கணக்குக் காட்டலும் வேண்டும் என்னும் கருத்து இன்றும் பழமைப்படவில்லை.

வானலையும் ஓர் ஏரியே. அது வற்றுவதில்லை, ஆயினும் ஒருவன் முறையின்றித் திறந்தால் மற்றவன் மடைக்கு நீர் வாராது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை எழுந்தபோது, அந்தமானில் சோதனைக்கெனச் சென்றிருந்த ஸ்ரீமதி பாரதி பிரசாத் என்னும் அமெச்சூர் ரேடியோக்காரர் தம் கருவியால் அத்தீவுகளின் செய்தியை வெளியுலகிற்கு அறிவித்துப் பேருதவி புரிந்தார். மறுபுறம், காஞ்சிபுரம் ஜில்லாவிலேயே ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் ஆளில்லா விமானங்களைச் சோதிக்கும் நிலையம் அமைத்தற்கு 2023இல் ஏற்பாடாயிற்று. இனி ஒரு வெள்ளமோ புயலோ வருமாயின், ஊர்களின் நிலையைக் காண விமானமும், அதனை உரைக்க மறுபரப்பு நிலையமும் ஒரே நாளில் ஒரே வானில் வேண்டப்படும். அன்றைக்கு ஒன்றையொன்று கெடுக்குமாயின், இழப்பு விளையாடுவோர்க்கன்று. கூரைமேல் ஏறி உதவி நோக்கி நிற்பவர்க்கே.

ஆதலின், நம் கல்லூரி மாணவருள் ரேடியோவில் ஆர்வமுடையாரும் விமானத்தில் ஆர்வமுடையாரும் இரு வேறு கூட்டமாக நில்லாது, ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, இவ்வட்டாரத்தில் எவ்வெண் எவரால் வழங்கப்படுகின்றது என்பதை ஒரு தாளில் எழுதி, ஆய்வுக்கூடத்துச் சுவரில் ஒட்டிவைப்பாராக. புயல் நாளில் அத்தாளைத் தேடி அலைய நேராது.